'டூ' என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருளிழப்பும் இலக்கணப் பேறும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைச்சொற்களுள் 'டூ' ஒன்று. அது செய்தல் என்னும் பொருளில் தலைமை வினையாகவும், வினா, எதிர்மறை, அழுத்தம் ஆகியவற்றுக்கு உதவும் துணைவினையாகவும் வழங்குகிறது. துணைவினைப் பயன்பாடு ஆங்கிலத்தின் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. அது 13ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, 16ஆம் நூற்றாண்டில் பரவி, 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இவ்வளர்ச்சியின் படிநிலைகளையும் தோற்றம் பற்றிய கருத்து வேறுபாடுகளையும் இக்கட்டுரை தொகுத்து ஆராய்கிறது. பிறவினைப் பொருளும் வெற்றுத் துணைவினைப் பொருளும் ஒரே வினையில் அமையக்கூடும் என்பதற்குத் தமிழ்ச் 'செய்' வினை சான்றாக நிற்பதையும், அச்சான்று ஆங்கில இலக்கணம் கற்பித்தலில் பயன்படுமாற்றையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: டூ, துணைவினை, பிறவினை, செயவென் எச்சம், ஆங்கில மொழி வரலாறு, இலக்கண விதி.

முன்னுரை

ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளில் 'டூ' வினை பற்றிய விதி சுருக்கமாகவே சொல்லப்படுகிறது. தொடரில் வேறு துணைவினை இல்லையெனில், வினாவாக்கும்போது 'டூ', 'டஸ்', 'டிட்' ஆகியவற்றுள் பொருந்துவதை எழுவாய்க்கு முன் இட வேண்டும்; எதிர்மறையாக்கும்போது 'நாட்' என்பதற்கு முன் இட வேண்டும்; தலைமை வினை காலம் காட்டாத வடிவில் நிற்க வேண்டும். இவ்விதி ஆங்கிலத்தின் இயல்பாகவே என்றும் இருந்து வந்தது போல மாணவர்க்குத் தோன்றுகிறது.

அதே மாணவர் சேக்ஸ்பியரின் நாடகங்களையோ 1611இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பையோ பயிலும்போது வேறொன்றைக் காண்கின்றனர். அங்கே 'டூ' இன்றியே வினாக்கள் எழுகின்றன. 'ஹி கேம் நாட்' என்பது போன்ற அமைப்பில், தலைமை வினையை அடுத்தே எதிர்மறைச் சொல் நிற்கிறது. இதனைச் செய்யுள் விகாரம் என்றோ பழமைச் சுவை என்றோ விளக்கிவிட்டுக் கடப்பது வழக்கம். ஆனால் அது விகாரமன்று. அக்காலத்தின் உயிருள்ள இலக்கணம். இன்றைய விதியும் பழைய அமைப்பும் ஒரே தலைமுறையினர் வாயில், சிலவேளை ஒரே ஆசிரியரின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று போட்டியிட்டன. அப்போட்டியின் வரலாற்றை அறியாதார்க்கு 'டூ' பற்றிய விதி காரணமற்ற கட்டளையாகவே நிற்கும்.

வேர்ப்பொருள்: வைத்தலும் செய்தலும்

'டூ' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'டோன்'. ஜெர்மன் மொழியின் 'டூன்', டச்சு மொழியின் 'டூன்' ஆகியன இதன் உடன்பிறப்புகள். இந்தோ ஐரோப்பிய மொழியியலார் இவற்றை 'வைத்தல், நிறுத்துதல்' என்னும் பொருளுடைய மூலவேர் ஒன்றிலிருந்து கொள்வர். செய்தலைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபக்கெரே', வைத்தலைக் குறிக்கும் கிரேக்கத் 'தித்தேமி', வடமொழித் 'தா' என்னும் வினையடி ஆகியன அவ்வேரின் கிளைகள். ஈதற்பொருளில் வரும் வடமொழித் 'தா' வேறு. இங்குக் குறிக்கப்படுவது வைத்தற்பொருளில் வரும் மூச்சொலித் 'தா' ஆகும்.

இவ்வடமொழி வேரின் வழித்தோன்றல்கள் சில தமிழிலும் வழங்குகின்றன. விதி, நிதி, தாது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆங்கிலத்தில் 'டூ' வினையோடு உறவுடைய பெயர்ச்சொற்கள் செயலைக் குறிக்கும் 'டீட்', தீர்ப்பைக் குறித்த 'டூம்' ஆகியவை. 1086இல் முதலாம் வில்லியம் மன்னனின் ஆணையால் நடந்த நிலக்கணக்கெடுப்பின் பதிவேட்டுக்கு 'டூம்ஸ்டே' நூல் என்னும் பெயர் அமைந்தது, அப்பதிவு மறுக்கவொண்ணாத இறுதித் தீர்ப்புக்கு நிகராகக் கருதப்பட்டமையால் ஆகும். முதலில் 'நிறுவப்பட்ட சட்டம், தீர்ப்பு' எனப் பொருள்பட்ட 'டூம்' பின்னர் 'ஊழ், அழிவு' என்னும் பொருளைப் பெற்றது. 'விதி' என்னும் சொல்லும் 'வகுத்து வைக்கப்பட்ட நெறி' என்னும் பொருளையும் 'ஊழ்' என்னும் பொருளையும் ஒருங்கே தாங்குகிறது. ஒரே வேர் இரு மொழிக் குடும்பக் கிளைகளில் தனித்தனியே ஒத்த பொருள்வழியில் நடந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வைத்தல் என்னும் பழம்பொருளின் எச்சத்தை ஆங்கிலத்திலும் காணலாம். உடையை அணிதலைக் குறிக்கும் 'டான்', தொப்பி முதலியவற்றைக் கழற்றுதலைக் குறிக்கும் 'டாஃப்' ஆகிய வினைகள், முறையே 'டூ ஆன்', 'டூ ஆஃப்' என்னும் சொற்சேர்க்கைகளின் சுருக்கங்கள். மேலே வைத்தல், அகற்றி வைத்தல் என்பனவே அவற்றின் நேர்ப்பொருள்.

மேலும் ஒரு கருத்து இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் இறந்தகாலம் காட்டும் 'எட்' விகுதியும் ஜெர்மானிய மொழிகளில் அதற்கு இணையான விகுதிகளும் 'டூ' வினையின் பழைய வடிவம் பிற வினைகளின் பின்னே ஒட்டித் தேய்ந்தமையால் உருவாயின என்பது பல அறிஞர் கருத்து. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த கோதிக் விவிலியத்தில் இறந்தகாலப் பன்மை வடிவங்கள் 'டேடும்' போன்ற நீண்ட ஈறுகளைக் கொண்டிருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். மாற்றுக் கருத்துகளும் உள்ளன. எனினும் இக்கருத்தை ஏற்பின், காலம் காட்டும் பணியை 'டூ' இருமுறை ஏற்றது எனலாம். முதன்முறை அது தேய்ந்து விகுதியாயிற்று. இரண்டாம் முறை தனிச்சொல்லாகவே நின்று துணைவினையாயிற்று.

பழைய ஆங்கிலத்தில் பயன்பாடுகள்

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை முதன்மையாகத் தலைமை வினையாகவே வழங்கியது. செய்தல், வைத்தல், இயற்றுதல் ஆகிய பொருள்களில் அது வந்தது. இதனோடு பதிலி வினையாகவும் வந்தது. முன்னர்க் கூறிய வினையை மீண்டும் கூறாமல் அதனிடத்தில் 'டூ' வை நிறுத்துவது அப்பயன்பாடு. 'பிறர் உழைப்பது போல அவனும் செய்கிறான்' என்னும் தொடரில் 'செய்கிறான்' என்பது உழைத்தலைச் சுட்டுவதைப் போன்றது இது. எவ்வினைக்கும் பதிலாக நிற்கும் ஆற்றல் அதன் பொருட்பொதுமையால் வந்தது. பொருள் பொதுமைப்பட்ட சொல்லே இலக்கணச் சொல்லாக மாறும் தகுதியைப் பெறுகிறது.

அக்கால ஆங்கிலத்தில் வினாவுக்கோ எதிர்மறைக்கோ 'டூ' தேவைப்படவில்லை. வினாவில் வினைச்சொல் எழுவாய்க்கு முன் பெயர்ந்தது. எதிர்மறையில் 'நெ' என்னும் சிறுசொல் வினைக்கு முன் நின்றது. அதன் ஒலி வலுவிழக்க, 'ஒன்றுமில்லை' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த 'நாட்' வினைக்குப் பின் துணையாக வந்து சேர்ந்தது. நாளடைவில் 'நெ' மறைந்து 'நாட்' மட்டும் எஞ்சியது. பல மொழிகளில் நிகழும் இச்சுழற்சியை டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் விளக்கினார். இச்சுழற்சியின் இறுதியில் எதிர்மறைச் சொல் வினைக்குப் பின் நிற்கும் அமைப்பு உருவாயிற்று. சேக்ஸ்பியர் காலத்து 'ஹி கேம் நாட்' இவ்வமைப்பைச் சார்ந்ததே.

பிறவினையிலிருந்து துணைவினைக்கு

இடைக்கால ஆங்கிலத்தில் 'டூ' பிறவினைப் பொருளிலும் வழங்கியது. பீட்டர்பரோ மடத்தின் ஆண்டுக்குறிப்பில் 1132ஆம் ஆண்டுப் பதிவு, ஹென்றி மன்னன் மடத்தலைவரைப் பதவி துறக்கச் செய்தான் என்னும் செய்தியை இவ்வினை கொண்டே கூறுகிறது.

சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்வார் எல்லெகோர்ட் 1953இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தள நூலாக இன்றும் மதிக்கப்படுகிறது. துணைவினை 'டூ' பிறவினை 'டூ' விலிருந்தே பிறந்தது என்பது அவர் முடிபு. இதற்கு அவர் காட்டும் வழி எளியது. மன்னன் ஒருவன் கோயில் கட்டச் செய்தான் என்னும்போது, கட்டியவர் யார் என்பது தொடரில் கூறப்படுவதில்லை. மன்னன் கோயில் கட்டினான் என்பதும் அதே நிகழ்ச்சியையே குறிக்கும். செய்வித்தவனையும் செய்தவனையும் வேறுபடுத்த வேண்டிய தேவை இல்லாத இத்தகைய தொடர்களில், 'கட்டச் செய்தான்' என்பது 'கட்டினான்' என்பதற்கு ஒருபொருட் கிளவியாகக் கேட்போர் செவியில் பதிந்தது. அங்ஙனம் பதிந்தபின் 'டூ' தன் பிறவினைப் பொருளை இழந்து, காலம் மட்டும் காட்டும் வெற்றுச் சொல்லாயிற்று.

வெற்றுத் துணைவினைக்குரிய தெளிவான சான்றுகள் 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிச் செய்யுள்களில் காணப்படுகின்றன. செய்யுளில் அது முதலில் பரவியதற்குக் காரணம் உண்டு. தலைமை வினையை வடிவம் மாறாமல் அடியின் இறுதியில் நிறுத்தி இயைபு அமைக்கவும், அசை நிரப்பவும் அது பாவலர்க்கு உதவியது. எனினும் எல்லாப் புலவரும் இதனைக் கையாளவில்லை. 1400இல் மறைந்த சாசரின் படைப்புகளில் வெற்று 'டூ' அரிது. அவரைப் பின்பற்றிய லிட்கேட்டின் செய்யுள்களில் அது மிகுதி. உரைநடையில் அது வேர்கொள்ள மேலும் காலம் பிடித்தது.

கெல்டிக் மொழித் தாக்கம் பற்றிய கருத்து

துணைவினை 'டூ' வின் பிறப்பிடமாகத் தென்மேற்கு இங்கிலாந்து சுட்டப்படுவது மற்றொரு கருத்துக்கு இடமளித்தது. அப்பகுதி கார்னிஷ், வெல்ஷ் ஆகிய கெல்டிக் மொழிகள் வழங்கிய நிலத்தை ஒட்டியது. அம்மொழிகளிலும் அவற்றின் உறவான பிரெத்தோன் மொழியிலும் செய்தல் வினை துணைவினையாக வழங்குகிறது. கெல்டிக் மொழி பேசியோர் ஆங்கிலத்தை ஏற்றபோது தம் தாய்மொழியின் தொடரமைப்பை அதனுள் கொணர்ந்தனர் என்பது இக்கருத்தினர் வாதம். ஜான் மெக்வோர்ட்டர் 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வாதத்தை வலியுறுத்தினார்.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படுகின்றன. கெல்டிக், ஆங்கிலத் தொடர்பு தொடங்கிய காலத்துக்கும் எழுத்துச் சான்று கிடைக்கும் காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி உண்டு என்பது ஒன்று. கெல்டிக் தொடர்பால் விளக்கவியலாத ஜெர்மன் வட்டார வழக்குகளிலும் 'டூன்' வினை துணைவினையாக வருகிறது என்பது மற்றொன்று. முதல் தடைக்கு, பேச்சுவழக்கு எழுத்தில் ஏறக் காலந்தாழ்ந்தது என விடையளிப்பர். இரண்டாம் தடை வலிமையுடையது. செய்தல் வினை துணைவினையாதல் மொழிகளில் இயல்பாக நிகழக்கூடியது என்பதை அது காட்டுகிறது. எனவே கெல்டிக் தொடர்பு, உள்ளே இருந்த வாய்ப்பை வலுப்படுத்திய காரணமாகலாம். அதுவே தனிக்காரணம் எனத் துணிய இயலாது.

பதினாறாம் நூற்றாண்டுப் போட்டி

16ஆம் நூற்றாண்டில் 'டூ' எல்லாவகைத் தொடர்களிலும் பரவியது. ஆயினும் பரவிய அளவு ஒரே சீராக இல்லை. எதிர்மறை வினாக்களில் அது விரைந்து ஓங்கியது. உடன்பாட்டு வினாக்கள் அதனைப் பின்தொடர்ந்தன. எதிர்மறைச் செய்தித்தொடர்கள் பின்தங்கின. அறிதலைக் குறிக்கும் 'நோ', ஐயுறுதலைக் குறிக்கும் 'டவுட்', பொருட்படுத்துதலைக் குறிக்கும் 'கேர்' முதலிய வினைகள் 'டூ' வை நெடுங்காலம் ஏற்கவில்லை. நாள்தோறும் வழங்கிப் பழகிய சொற்சேர்க்கைகள் புதிய அமைப்புக்கு எளிதில் இடங்கொடா என்பதற்கு இது சான்று.

எல்லெகோர்ட் திரட்டிய எண்ணிக்கைகளை அமெரிக்க அறிஞர் அந்தோனி க்ராக் 1989இல் மீளாய்வு செய்தார். வெவ்வேறு தொடர்வகைகளில் 'டூ' வின் விழுக்காடு வேறுபட்டாலும், அது வளர்ந்த வேகம் ஒன்றே என்பது அவர் கண்ட உண்மை. தனித்தனி மாற்றங்கள் பல நிகழவில்லை, அடியில் ஒரே மாற்றம் நிகழ்ந்தது, அதன் வெளிப்பாடுகளே பல என்பது இதன் உட்கருத்து. அவ்வடிப்படை மாற்றம், தலைமை வினை தன் இடத்தை விட்டு முன்னே பெயரும் ஆற்றலை இழந்தமையாகும். இக்காலப்பகுதியில் 'கேன்', 'மே', 'வில்', 'ஷல்' முதலியன தலைமை வினைகளிலிருந்து பிரிந்து தனி வகுப்பாயின. வினாவில் எழுவாய்க்கு முன்னும், எதிர்மறையில் 'நாட்' என்பதற்கு முன்னும் நிற்கும் உரிமை அவ்வகுப்புக்கே உரியதாயிற்று. அத்தகைய துணைவினை எதுவும் இல்லாத தொடரில் அவ்விடத்தை நிரப்ப, பொருளற்ற ஒரு சொல் தேவைப்பட்டது. பொருளை முன்பே இழந்து நின்ற 'டூ' அத்தேவைக்குப் பொருந்தியது. நோம் சோம்ஸ்கி 1957இல் வெளியிட்ட தொடரியல் நூலில், காலவிகுதியைத் தாங்க வேறு சொல் இல்லாதபோது இடப்படும் தாங்குசொல்லாக 'டூ' வை விளக்கியது இதனோடு ஒத்துச் செல்வது.

உடன்பாட்டுத் தொடரில் தேய்வு

'டூ' வின் வரலாற்றில் வியப்பூட்டும் பகுதி அதன் வளர்ச்சியைவிட அதன் பின்வாங்கலே ஆகும். 16ஆம் நூற்றாண்டில் உடன்பாட்டுச் செய்தித்தொடர்களிலும், அழுத்தம் எதுவுமின்றி, 'டூ' பரவலாக வந்தது. 'ஹி கேம்' என்பதற்கு 'ஹி டிட் கம்' என்பது வெறும் மாற்று வடிவமாக நின்றது. எல்லெகோர்டின் கணக்குப்படி, அந்நூற்றாண்டின் மூன்றாம் கால்பகுதியில் அது பத்தில் ஒரு பங்கை நெருங்கியது. அவ்வேகத்தில் வளர்ந்திருப்பின், இன்றைய ஆங்கிலத்தின் எல்லாத் தொடர்களும் 'டூ' வைக் கொண்டிருக்கும். ஆனால் அதன்பின் அது குறைந்து, 18ஆம் நூற்றாண்டுக்குள் பொதுவழக்கிலிருந்து மறைந்தது.

இத்தேய்வுக்குக் கூறப்படும் காரணங்கள் பல. ஃபின்லாந்து அறிஞர் ஆர்யா நுர்மி 1999இல் வெளியிட்ட ஆய்வில், அக்காலக் கடிதங்களின் தரவகத்தைக் கொண்டு சமூகக் காரணம் ஒன்றை முன்வைத்தார். 1603இல் ஸ்காட்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணை ஏறினான். அவனோடு இலண்டனுக்கு வந்த அரசவையினரின் ஸ்காட் வழக்கில் இத்துணைவினை பெரிதும் இல்லை. மதிப்புக்குரியோர் மொழிநடை தலைநகரின் வழக்கை மாற்றியிருக்கலாம் என்பது அவர் கருத்து. அமைப்பு நோக்கில் காண்பின், உடன்பாட்டுச் செய்தித்தொடரில் 'டூ' செய்தற்குரிய பணி எதுவுமில்லை. வினாவிலும் எதிர்மறையிலும் அது நிரப்பவேண்டிய இடம் உண்டு, இங்கு இல்லை. பணியற்ற இடத்தில் சமூகத் தாக்கம் எளிதில் வென்றது எனின், இவ்விரு விளக்கங்களும் முரண்படா.

இத்தேய்வு மற்றொரு பேற்றை அளித்தது. வேறுபாடின்றி வந்த 'டூ' மறைந்தபின், உடன்பாட்டுத் தொடரில் அது வந்தாலே அழுத்தம் என்னும் பொருள் தெளிவாயிற்று. மறுப்பவர்க்கு எதிராக 'ஹி டிட் கம்' என வலிந்துரைக்கும் இன்றைய பயன்பாடு இவ்வகையில் தனித்தன்மை பெற்றது.

இலக்கணிகளின் பங்கு

'டூ' பற்றிய விதியை வகுத்தவர் இலக்கணிகள் அல்லர் என்பது காலவரிசையால் விளங்கும். ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம் 'டூ', 'டிட்' ஆகியவற்றை அழுத்தத்தோடு காலம் காட்டுவனவாகக் குறிக்கிறது. அலெக்சாண்டர் போப் 1711இல் வெளியிட்ட திறனாய்வுச் செய்யுளில், அடி நிரப்ப வெற்று 'டூ' வை இடும் பாவலரை எள்ளி நகையாடினார். எள்ளும் அவ்வடியிலேயே அச்சொல்லை வேண்டுமென்றே இட்டுக் காட்டினார். சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியோடு இணைத்த இலக்கணத்தில், உடன்பாட்டுத் தொடரில் வேண்டாது வரும் 'டூ' வைக் குற்றமெனக் கருதப்படும் வழக்கு என்றார். ராபர்ட் லவுத் 1762இல் எழுதிய இலக்கணம், வினாவிலும் எதிர்மறையிலும் அதன் பயன்பாட்டை ஏறத்தாழ இன்றியமையாதது என்ற அளவிலேயே நிறுத்தியது.

'ஏறத்தாழ' என்னும் இவ்வரையறை கவனத்துக்குரியது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் 'டூ' இல்லாத எதிர்மறை முற்றிலும் வழக்கொழியவில்லை. இலக்கணி தாம் கண்டதைக் கண்டவாறே பதிந்தார். ஜான்சன் குற்றம் எனச் சுட்டிய வழக்கும் அவர் சுட்டுவதற்கு முன்பே பெரிதும் தேய்ந்திருந்தது. வழக்கு முடித்துவைத்த போட்டியின் முடிவையே இலக்கணம் எழுதி வைத்தது. இலக்கியத்திலிருந்தே இலக்கணம் பிறக்கும் என்னும் கோட்பாட்டை நன்கறிந்த தமிழ் மரபுக்கு இது புதிதன்று.

எஞ்சிய வழக்குகள்

மறைந்ததாகக் கருதப்படும் வெற்று 'டூ' இரு களங்களில் எஞ்சி நிற்கிறது. முதலாவது சட்டமொழியும் உறுதிமொழியும். 1787இல் உருவான அமெரிக்க அரசமைப்பில் குடியரசுத் தலைவருக்குரிய உறுதிமொழி இதனைக் கொண்டுள்ளது. 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட இந்திய அரசமைப்பின் ஆங்கில முகவுரையிலும், இவ்வரசமைப்பை ஏற்கிறோம் என்னும் பகுதியில் 'டூ ஹியர்பை' என்னும் சேர்க்கை உள்ளது. இங்கு 'டூ' கூற்றையே செயலாக்கும் முறைமைச் சொல்லாக, 'இதனால்' என்பதோடு இணைந்து நிற்கிறது. பொதுவழக்கில் கைவிடப்பட்ட வடிவம் பழமையின் மதிப்பால் சட்டமொழியில் மாட்சிமை பெற்றது.

இரண்டாவது களம் வட்டார வழக்குகள். டார்செட், சாமர்செட் ஆகிய தென்மேற்கு மாவட்டங்களின் மரபான பேச்சில், அழுத்தமற்ற 'டூ' உடன்பாட்டுத் தொடரில் தொடர்ந்து வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் டார்செட் வழக்கில் கவிதை இயற்றிய வில்லியம் பார்ன்ஸின் எழுத்துகளில் இதனைக் காணலாம். அயர்லாந்து ஆங்கிலத்திலும் கரீபியப் பகுதியின் ஆங்கிலவழி மொழிகள் சிலவற்றிலும் 'டூ', 'டஸ்' வடிவங்கள் வழக்கமாக நிகழும் செயலைக் காட்டும் குறிகளாக வளர்ந்தன. இவை கல்லாதார் பிழைகள் என ஒதுக்கப்பட்டதுண்டு. வரலாற்று நோக்கில் இவை, பொதுமொழி ஒருகாலத்தில் தானும் கொண்டிருந்து பின்னர்க் கைவிட்ட வாய்ப்பின் எச்சங்களோ தனிவளர்ச்சிகளோ ஆகும். முகவுரையில் மாட்சிமை பெறும் வடிவமே உழவர் வாயில் கொச்சை எனப்படுவது, வடிவத்தின் குறையால் அன்று. பேசுவோர்க்குச் சமூகம் தரும் மதிப்பின் வேறுபாட்டால் ஆகும்.

தமிழ்ச் 'செய்' வினையோடு ஒப்பீடு

எல்லெகோர்ட் கூறிய பொருள்மாற்றம் நிகழக்கூடியதே என்பதற்குத் தமிழ் ஒரு சான்று அளிக்கிறது. 'அவனை வரச் செய்தான்' என்பதில் 'செய்' பிறவினைப் பொருள் தருகிறது. 'அவன் வரத்தான் செய்தான்' என்பதில் அப்பொருள் இல்லை. வந்தான் என்பதன் அழுத்தமே உள்ளது. 'மழை பெய்யத்தான் செய்தது' என்னும்போது செய்பவர் எவரும் இல்லை. வினைக்கும் அதன் காலவிகுதிக்கும் இடையே 'தான்' அல்லது 'உம்' புகும்போது, தனித்து நிற்கவியலாத காலத்தையும் பாலையும் தாங்க 'செய்' வருகிறது. செயவென் எச்சத்தோடு கூடிய ஒரே வினை, ஓரிடத்தில் பிறவினையாகவும் மற்றோரிடத்தில் வெற்றுத் தாங்குசொல்லாகவும் அமைகிறது. இது ஆங்கிலத்தின் வரலாற்றை மெய்ப்பிக்காது. எனினும் இவ்விரு பொருள்களும் ஒரு வினையில் அண்டையில் வாழக்கூடியன என்பதைக் காட்டுகிறது. தமிழர் பேச்சில் பிறமொழி வினைகளை ஏற்கும்போது 'பண்ணு' காலம் தாங்குவதும் இவ்வகையினதே.

தமிழ் இலக்கண மரபு செய்தல் வினையின் இப்பொதுமையை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தது. தொல்காப்பியம் முதலாக, எச்சங்களின் வாய்பாடுகள் செய்து, செய, செய்யும் என 'செய்' வினையாலேயே பெயர் பெற்றன. எவ்வினைக்கும் பதிலாக நிற்கும் வெற்றிடக் குறியாக அவ்வினை கொள்ளப்பட்டது.

கற்பித்தலில் இவ்வொப்பீடு நேரடிப் பயனுடையது. 'ஹி டிட் நாட் கேம்' என எழுதும் மாணவர் காலத்தை இருமுறை காட்டுகிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளும் இத்தகைய வடிவங்களைக் கூறுவதுண்டு. எனவே இதனை அறியாமை என இகழ்வது பொருந்தாது. தமிழ் மாணவர் எவரும் 'வந்தான்தான் செய்தான்' என்று கூறுவதில்லை. காலத்தைச் 'செய்' ஏற்றபின் முதல் வினை காலமின்றி நிற்க வேண்டும் என்பதை அவர் பயிலாமலே அறிவார். அவ்வறிவை நினைவூட்டினால் 'டூ' பற்றிய விதி புதிய கட்டளையாகத் தோன்றாது.

முடிவுரை

வைத்தலைக் குறித்த வேர் ஒன்று செய்தலைக் குறித்து, செய்வித்தலைக் குறித்து, இறுதியில் எதனையும் குறியாது தொடரைத் தாங்கும் சொல்லாயிற்று. பொருளை இழந்த அளவுக்கு அது இலக்கணத்தில் இன்றியமையாததாயிற்று. இம்மாற்றத்தை எந்த இலக்கணியும் திட்டமிடவில்லை. பிறமொழித் தொடர்பு, செய்யுளின் தேவை, அரசவை வழக்கு, தொடரமைப்பின் உள்ளழுத்தம் ஆகியன பல தலைமுறைகளாக அதனை உருவாக்கின. ஒரு காலத்தில் வழுவற்றதாயிருந்த 'ஹி கேம் நாட்' இன்று வழுவாகிறது. இன்று வழு எனப்படும் வட்டார வழக்கு ஒருகாலத்தில் பொதுவழக்காயிருந்தது. விதியைக் கற்பிப்போர் அதன் வரலாற்றையும் அறிந்திருப்பின், மாணவரின் வழுவைத் திருத்தும்போதே அது எழுந்த காரணத்தையும் விளக்க இயலும். மொழி வரலாற்று ஆய்வு வகுப்பறைக்குத் தரக்கூடிய பயன் இதுவாகும்.